கொடியேற்றிய பந்தலில் கேள்வி கேட்டால் அது தேச அவமதிப்பா?

ஆகஸ்ட் 15 காலையில் உங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும், அதே பந்தலில் அதே மைக்கை வைத்துக் கிராம சபையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஓர் இளைஞர் எழுந்து, வீட்டுக்கு வீடு குழாய் போட்ட வேலைக்கு எவ்வளவு செலவானது, இன்னும் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். "சுதந்திர தினத்தில் அரசியல் பேசாதே, கொடி பறக்கிற இடத்தில் கலாட்டா பண்ணாதே" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். இப்போது ஊரில் பாதிப் பேர் அவரை தேசத்துரோகி என்கிறார்கள், அவர்மேல் புகார் கொடுக்கப் போவதாகவும் பேச்சு. இதில் சட்டம் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் அந்த இளைஞர் பக்கம் இருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மைக்கை அணைத்தவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். அந்த நாளின் மரியாதையைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பியிருப்பார்கள். அவர்களுக்கும் புரிகிற மாதிரி நீங்கள் ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில், ஒரே பந்தலில் நடந்தாலும் அங்கே நடந்தவை இரண்டு கூட்டங்கள். கொடியேற்றம் ஒரு விழா. யார் ஏற்றுவது, யார் பேசுவது என்று நிகழ்ச்சி நிரல் போட்டு நடத்துவது. அதன் நடுவே யாராவது எழுந்து குழாய்க் கணக்கு கேட்டால், "கொஞ்சம் பொறுப்பா, முடியட்டும்" என்று உட்கார வைப்பதில் தவறில்லை. நாட்டுப்பண் முழுதாகப் பாட ஏறக்குறைய 52 வினாடி ஆகும். அந்த 52 வினாடியில் சத்தம் போட்டுக் குலைப்பவரை நானும் தடுக்கத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், கொடியேற்றம் முடிந்துவிட்டது, நாட்டுப்பண்ணும் முடிந்துவிட்டது, மிட்டாய்கூடக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தொடங்கியது கிராம சபை. அது விழாவே இல்லை.

கிராம சபை என்பது அரசமைப்புச் சட்டத்திலேயே பெயர் உள்ள ஓர் அவை. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபோது 243-ஆவது பிரிவுக்குள் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தலைவர் அங்கே தலைமை தாங்குகிறார், அவ்வளவுதான். சபை அவருக்குச் சொந்தமில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரே இல்லாத ஊரிலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் உறுப்பினர்களான நீங்கள் அங்கேயேதான் இருக்கிறீர்கள்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் மூன்றாவது பிரிவில் கிராம சபை வருகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களில் கூட்டுவது வழக்கமாக இருந்தது, 2022-இல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. தேதிகளைக் கவனியுங்கள். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள். நாட்டைக் கொண்டாடுகிற நாள்களையே மக்கள் கணக்குக் கேட்கிற நாள்களாகவும் வைத்திருக்கிறார்கள். ஊராட்சியின் வரவு செலவைச் சபையில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அப்படி வாங்குவதற்காகவே கூடிய கூட்டத்தில் செலவைப் பற்றிக் கேட்டவரைப் பார்த்து "இன்றைக்குப் போய் இதைக் கேட்கிறாயே" என்றால், அப்புறம் என்றைக்குக் கேட்பது?

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல ஊர்களில் இந்த எண்ணிக்கை சேராமல், பிற்பாடு வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாகக் கிராம சபைகளில் போய் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவரின் மைக்கை ஒரு முறை அணைத்தால் அடுத்த கூட்டத்தில் ஐம்பது பேர் குறைகிறார்கள். முக்கியமாகப் பெண்கள் வருவதில்லை. "படித்த பையனுக்கே இந்த நிலைமை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சரி, புகார் விஷயத்துக்கு வருவோம். "தேச அவமதிப்புச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவோம்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமாக இருக்கும். மிகச் சிறிய சட்டம் அது. கொடியை, அரசமைப்புச் சட்டத்தை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, இழிவுபடுத்துவது குற்றம். நாட்டுப்பண் பாடவிடாமல் வேண்டுமென்றே தடுப்பதும், பாடிக்கொண்டிருக்கிற கூட்டத்தைக் குலைப்பதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடிக்குப் பக்கத்தில் நின்று குடிநீரைப் பற்றிப் பேசுவது இவற்றில் எதிலும் அடங்காது. இதைவிட முக்கியமாக, சட்டபூர்வமான வழியில் மாற்றம் வேண்டும் என்பதற்காக அரசமைப்பையோ, கொடியையோ, அரசின் நடவடிக்கையையோ விமர்சிப்பது குற்றமாகாது என்று அந்தச் சட்டமே தன் விளக்கத்தில் சொல்கிறது. கொடியைப் பற்றியே விமர்சனம் பேச இடம் கொடுக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு குழாயைப் பற்றிப் பேசியவரை எப்படிப் பிடிப்பார்கள்?

நாட்டுப்பண்ணையே பாடாமல் நின்ற பிள்ளைகளின் வழக்கு ஒன்றும் உண்டு. கேரளத்தில் 1985-இல் மூன்று பள்ளிப் பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக, மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பின் முடிவில், நமது மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நமது தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நமது அரசமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று எழுதினார். பாடாமல் இருந்தால்கூட அவமதிப்பு ஆகாது என்றுதான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

"தேசத்துரோகி" என்ற சொல்லை ஊரில் எளிதாக வீசுகிறார்கள். சட்டத்தில் அது அவ்வளவு எளிதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவான 124-ஏ-வைப் பற்றி 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையையோ பொது ஒழுங்குக் கேட்டையோ தூண்டுகிற பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று வரம்பு கட்டியது. 2022 மே 11-இல் அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 152-ஆவது பிரிவு வந்திருக்கிறது. அதுவும் பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி போன்றவற்றைத் தூண்டுவதைப் பற்றியது. "குழாயில் காற்றுதான் வருகிறது" என்பது இதில் எந்த வார்த்தைக்குள் வரும்?

இதைவிட நடைமுறையில் அதிகம் மிரட்டப் பயன்படுவது "அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்" என்ற பிரிவு. முன்பு 353, இப்போது 132. அதற்குத் தாக்குதலோ பலப்பிரயோகமோ இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து கேள்வி கேட்பது பலப்பிரயோகம் இல்லை. அந்த இளைஞர் மேடையேறி நோட்டைப் பிடுங்கவில்லை, யாரையும் தள்ளவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. அங்கே எடுத்த காணொளி யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, "மைக் எங்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்" என்று ஒரு வாதம் வரும். தனியார் மன்றம் ஒன்று தன் செலவில் மேடை போட்டால் அந்த வாதம் சரி. அடுத்தவர் மேடையில் பேச யாருக்கும் உரிமை கிடையாது. ஊராட்சியின் பணத்தில் வந்த மைக்குக்கு இது பொருந்தாது. இதற்கு மிகவும் பொருத்தமான ஒரு வழக்கு இருக்கிறது, வக்கீல்கள்கூட இந்த இடத்தில் அதை எடுத்துச் சொல்வது குறைவு. எல்.ஐ.சி. நிறுவனத்தின் கட்டணங்களை விமர்சித்து ஒருவர் ஆய்வு வெளியிட்டார். அதை மறுத்து எல்.ஐ.சி. அதிகாரி எழுதியதைத் தங்கள் நிறுவன இதழில் போட்டார்கள். அதற்கு இவர் எழுதிய பதிலை மட்டும், "இது எங்கள் வீட்டுப் பத்திரிகை" என்று சொல்லிப் போட மறுத்தார்கள். 1992-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கிற அரசு நிறுவனம் ஒரு பக்கத்தை மட்டும் பேசவிட்டு மறுபக்கத்தை அடைப்பது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் உள்ள பேச்சுரிமைக்கு எதிரானது என்றது. ஒரு பத்திரிகைக்கே இப்படி என்றால், பேசுவதற்கென்றே சட்டம் கூட்டி வைத்த சபைக்கு என்ன சொல்வது!

"அவர் பேசினால் ஊரில் சண்டை வந்திருக்கும், அதனால்தான் அணைத்தோம்" என்பார்கள். 1989-இல் ரங்கராஜன் வழக்கில் இதற்கும் பதில் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு அது. ஒரு தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழை, எதிர்ப்பு கிளம்பும் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆர்ப்பாட்டம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சைத் தடுக்க முடியாது, ஆபத்து வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல உடனடியாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சத்தம் போடுகிறவர்களை அடக்குவதுதான் அதிகாரிகளின் வேலை.

சட்டத்தை விட்டுவிட்டு மனசுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நாட்டுப்பற்று என்றால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ற எண்ணம் நம் ஊரில் எப்படியோ புகுந்துவிட்டதுதான். நம் வரலாறு அப்படி இல்லையே. 1908 மார்ச்சில் விபின் சந்திர பால் சிறையிலிருந்து வெளியே வந்ததைக் கொண்டாட, அதிகாரிகள் தடுத்தும் கேட்காமல், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கூட்டத்தில் பேசினார்கள். மார்ச் 12-இல் கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். பேசியதற்கு! சுதந்திர நாள் மேடையில் நாம் படம் வைத்து மாலை போடுகிறவர்கள், பேச்சை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாதவர்கள்.

1947 ஆகஸ்ட் 15-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியார் அதைத் துக்க நாள் என்று அறிவித்தார். அவருடைய இயக்கத்திலேயே இருந்த அண்ணா, அது இன்ப நாள் என்று தன் 'திராவிட நாடு' இதழில் வெளிப்படையாக எழுதினார். விடுதலை பிறந்த அந்த நாளைப் பற்றித் தமிழ் மண்ணில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினார்கள், அதுவும் ஒரே கழகத்துக்குள் இருந்துகொண்டு. எனக்கு இதில் அண்ணா சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஆனால் பெரியார் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. 1965-இல் இந்தி நாட்டின் முதன்மை ஆட்சிமொழியாகிற நாளாகக் குடியரசு நாள் அமைந்தபோது, அதைத் துக்க நாளாக்க திமுக முடிவெடுத்தது. அந்த நாளின் புனிதத்தைக் கெடுக்க விடமாட்டோம் என்றார் முதல்வர் பக்தவத்சலம், ஜனவரி 25-இல் அண்ணா முன்னெச்சரிக்கைக் கைதில் வைக்கப்பட்டார். அதனால் அமைதி வந்ததா? அடுத்த சில வாரங்கள் தமிழ்நாடு எரிந்ததைச் சொல்ல இன்னும் உங்கள் ஊரிலேயே பெரியவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்துக்கு வந்தால், 2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் மக்கள் தீர்மானம் போட்டார்கள். நிலத்தை விட மாட்டோம் என்று கொடி பறக்கிற நாளில் பதிவேட்டில் எழுத வைத்தார்கள். அதன் பிறகும் அடுத்தடுத்த சபைகளில் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அந்தத் திட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்த மக்கள் பேசிய இடமும் நாளும் முறையும் சட்டம் கொடுத்தவை.

மறுபக்கமும் உண்டு. 2023 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் கிராம சபை. விருதுநகர் மாவட்டம் பிள்ளையார்குளம் ஊராட்சியில் கேள்வி கேட்ட விவசாயியை ஊராட்சிச் செயலர் எட்டி உதைத்தார். அந்தக் காணொளியைப் பார்த்து நான் அன்று சாப்பிடவில்லை. செயலர்மேல் வழக்கும் பணியிடை நீக்கமும் வந்தன. கேட்டவர்மேல் வழக்கு வரவில்லை என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பந்தலில் யாருடைய குரல் முதலில் அணைக்கப்படுகிறது என்று பாருங்கள். 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரையே ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்து ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்து நின்றபின் அவர் ஏற்றினார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. தலைவருக்கே இந்த நிலை என்றால், பின்வரிசையில் நிற்கிற உறுப்பினருக்கு? உங்கள் இளைஞர் எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, சாதியைச் சொல்லி யாராவது பேசியிருந்தால், அந்தப் புகார் தனி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதைக் கொடுக்க வேண்டும், இதோடு சேர்த்துக் குழப்பிவிடக் கூடாது.

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. பேச்சுரிமைக்கு 19(2)-இல் நியாயமான வரம்புகள் உண்டு. ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடன் என்று பெயர் சொல்லிப் பேசினால் அவதூறு வழக்கு வரும். "இத்தனை ரூபாய் எங்கே போனது, பில் காட்டுங்கள்" என்று கேட்டால் வராது. கேட்கிற முறையும் முக்கியம். அந்த நாளுக்காக வெள்ளைச் சட்டை போட்டு, பேரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த பெரியவருக்கு, இந்தக் கேள்வி தன்னை நோக்கிக் கத்தியதைப் போலத் தோன்றியிருக்கலாம். அவரிடம் நேரில் போய், "தாத்தா, உங்க வீட்டுக் குழாய்க்கும் சேர்த்துத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வரட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. மைக்கில் கேட்க முடியாமல் போன கேள்விகளை அப்படியே எழுதி, குறைந்தது பத்துப் பேர் கையெழுத்தோடு ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அன்றைய சபைக்குப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க, ஓர் அலுவலர் வந்திருப்பார். அவர் பெயரையும் பதவியையும் குறித்து, அவர் கண்முன்னே மைக் அணைக்கப்பட்டதை மனுவில் எழுதுங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், ஆகவே ஒரு பிரதி திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அவருக்குப் போகட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, அன்றைய கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டின் நகலும், குழாய் வேலையின் மதிப்பீடு, பில் நகல்களும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவேட்டில் இந்தக் கேள்வி எழுந்ததாகவே எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம். காவல் நிலையத்துக்குப் புகார் போனால், இளைஞரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒரு வக்கீலோ விவரம் தெரிந்த பெரியவரோ கூடப் போகட்டும்.

அடுத்த சபை அக்டோபர் 2. கூட்டப்பொருளில் குழாய்க் கணக்கைச் சேர்க்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பெண்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். முதல் கேள்வியை அந்த இளைஞருக்குப் பதில், தினமும் குடத்தோடு நடக்கிற ஒரு அம்மா கேட்கட்டும்.